கோபுரத்தடியில் ஓர் இடம்

எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்டிக்கொண்டிருந்த என் புருஷன் ஆஸ்பெர்ட்டை, சுண்ணாம்புக்காரன் ஹேமோ சம்மட்டியால் அடித்துக் கொன்றான். "சுண்ணாம்புல மண்ணக் கலக்குற, கோபுரம் நிக்காது" என்று ஆஸ்பெர்ட் சொன்னதுதான் குற்றம். அடித்த கையோடு கோயிலுக்குள் ஓடிப் பீடத்தைக் கட்டிக்கொண்டான். அங்கே அடைக்கலம் புகுந்தவனைத் தொடக் கூடாதாம். நல்ல சட்டம், நாசமாய்ப் போக!

ஆஸ்பெர்ட் தன்னை அந்தக் கோபுரத்தடியில்தான் புதைக்கவேண்டும் என்பான். குழியும் வெட்டியாயிற்று. அப்போதுதான் கொழுந்தன் வைமண்ட் கோடாரியோடு வந்தான்.

"வேணாம் தம்பி! உள்ள ரத்தம் சிந்துனா கோயிலப் பூட்டிருவாங்க. பிஷப் வந்து மந்திரிக்கிற வரைக்கும் யாரையும் புதைக்க முடியாது. உங்கண்ணன நான் எங்க வைப்பேன்?"

"ஒரு கீறல் விழாது அண்ணி. வெளிய இழுத்துட்டு வந்து வச்சுக்கிறேன்."

கோடாரியைச் சுற்றுச்சுவர் வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனான். நானும் பின்னால் ஓடினேன். கால்களைப் பிடித்து இழுத்தான். ஹேமோ பீடத்தை விட்டான், மரத்தடுப்பைப் பிடித்தான். அதில் தீட்டியிருந்த புனிதர்களோடு பலகை பெயர்ந்து வந்தது. தூணைக் கட்டிக்கொண்டான். வைமண்ட் அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்தான். கடைசியில் ஞானஸ்நானத் தொட்டியருகே ஹேமோ திரும்பி, வைமண்டின் கையைக் கடித்துக் குதறினான். தரையெல்லாம் ரத்தம்.

முக்காட்டை உருவித் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கல்லில் பரவியது. தலை நிமிர்ந்தால் எதிரே சாமியார்.

"கண்ண மூடிக்கோங்க சாமி. உங்க காலப் பிடிக்கிறேன்."

"நான் மூடிப்பேன் மகளே. மேல இருக்கறவரு மூடுவாரா?"

"எங்கடி புதைப்ப இப்ப?" என்று சிவந்த பல்லோடு சிரித்தான் ஹேமோ.

வைமண்ட் அவனை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டு வெட்டினான். நான் தடுக்கவில்லை. இன்னும் போடு, இன்னும் போடு என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கோயிலைப் பூட்டிவிட்டார்கள். பிஷப் அறுப்பு முடிந்துதான் வருவாராம். கோடை வெயிலில் பிணம் தாங்குமா? சுவருக்கு வெளியே வேலியோரம்தான் இடம் கிடைத்தது. ஹேமோவுக்கும் அதே இடம்தான்.

இப்போது ஆஸ்பெர்ட்டுக்கு ஜெபம் சொல்லப் போனால் ஹேமோவின் குழியைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் தாண்டுவதில்லை. மேலே ஏறி, நன்றாக அழுத்தி மிதித்துவிட்டுப் போகிறேன்.