முதல் பூவும் குப்பைக் கோபுரமும்

அழுகிய கால் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, கையைத் துடைத்த கையோடு டிபன் பெட்டியைத் திறக்கிற நர்ஸ் அவள். ஆஸ்பத்திரியில் முகம் சுளித்ததே இல்லை. அப்படிப்பட்டவளுக்குச் சொந்த வீட்டுத் தோட்டத்தில் குமட்டிக்கொண்டு வந்தது.

எல்லாம் கொழுந்தனின் கைங்கரியம். வேலையை விட்டுவிட்டு இங்கேயே டேரா போட்டவன். செல்போனில் பார்க்கிற வித்தையையெல்லாம் அவள் செடிகளில்தான் செய்து பார்ப்பான். அந்தக் குறுகிய இடத்துக்கென்றே அலைந்து திரிந்து அவள் வாங்கி வைத்தது, பெரிய வெள்ளைப் பூ பூக்கிற குட்டை ரக மேக்னோலியா மரம். எந்தப் பருவத்திலும் மொட்டையாக நிற்காது. இலையின் மேல்புறம் பளபளக்கும், அடிப்புறம் துரு நிறத்தில் வெல்வெட்டாக இருக்கும். இந்த வருஷம்தான் முதல் மொட்டு. அது விரிவதற்காகத்தான் அவள் காத்துக் கிடந்தாள்.

இரவுப் பணி போட்ட மாதத்தில் தண்ணீர் ஊற்றும் வேலையை அவனிடம் விட்டாள். வீட்டில் ஏதோ நாறியது. சாக்கடை என்று நினைத்துக்கொண்டாள். பணி முடிந்து ஒரு நாள் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அடிமரத்தை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மீன் குடலும் முட்டை ஓடும் ஊசிப்போன மிச்சமும். உள்ளே புழு நெளிந்தது.

"உரம் அண்ணி! தண்டைச் சுத்தி நல்லா அணைச்சு வெச்சிருக்கேன்."

"மூச்சு முட்ட வெச்சிருக்கீங்க தம்பி."

வெறும் கையால் வாரித் தள்ளினாள். பட்டை, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கழன்று வந்தது. ஒரு பக்கமாவது தேறுமா என்று விரலால் சுற்றித் தடவினாள். தேறவில்லை. முழு வட்டமும் அழுகல்; சுற்றிலும் பட்டை போன மரம் பிழைக்காது. புண்ணாக இருந்தால் கட்டுப் போடலாம். இந்த மரத்தின் கதை முடிந்துவிட்டது, இலைகளுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கடைக்காரன் சொத்தைச் செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்பான் கொழுந்தன்.

மறுவாரம் மொட்டு விரிந்தது. சாகப்போகிற மரம் சில சமயம் அப்படிப் பூக்கும். கொழுந்தன் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களா, எல்லாம் என் உரம்!"

"கெட்டிக்காரன்டா நீ" என்று கணவன் தம்பியின் முதுகில் தட்டினான்.

எலுமிச்சை வாசனை அடிக்கிறது என்றார்கள். அவள் குனிந்து முகர்ந்தாள். மீன் குடல்தான் நாறியது. புழுவைத் தொட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

கொழுந்தன் புது வாளியோடு வந்தான். "இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்த வருஷம் கொத்துக் கொத்தா பூக்கும், அண்ணி."

"போடுங்க தம்பி," என்றாள். "பொணத்து மேல எதைக் கொட்டினா என்ன?"