மில்லுக்காரிக்கு நான்தான் குரல்

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரிந்தால் அம்மா துடைப்பக்கட்டையைத் தூக்கிவிடுவாள். பழைய பிரிட்டிஷ் படம். ஏதோ கிராமத்து நாவலை எடுத்துப் படமாக்கியிருக்கிறார்கள். மாவு மில் நடத்தும் ஒருத்தி, அவளிடம் வேலை பார்க்கும் தொப்பி போட்ட ஒருவன். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பச்சை இருக்கிறதே! காற்றில் புல் சாய்ந்து எழும்போது ஆடு மேயும் மேடு முழுக்க அலை ஓடும். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் போனில் பார்த்து அழுது, இறங்க வேண்டிய ஸ்டேஷனையே விட்டிருக்கிறேன்.

அதை எங்கள் காசிமேட்டில் போட்டே தீருவது என்று கிளம்பினேன். மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலமானால் வலை பின்னும் கொட்டகையில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் ஓட்டுவோம். புரொஜெக்டர் எதிர்வீட்டுத் தீனாவுடையது. சண்டை இல்லாத படத்தை அவன் படம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டான்.

"ஆடு மேயறத உக்காந்து பாப்பாங்களா? பாதியில எல்லாம் எய்ந்து பூடுவாங்க மகி."

"ஒர்த்தர்கூட எய்ந்திரிக்க மாட்டாங்க."

"எய்ந்தாங்கன்னா இனிமே நீ படமே செலக்ட் பண்ணக் கூடாது. ஓகேவா?"

"ஓகே," என்றேன்.

படத்துக்கு அடியில் தமிழில் வசனம் வராது. அதனால் நானே மைக்கைப் பிடித்து வசனம் பேசினேன். மில்லுக்காரிக்கு மெல்லிய குரல், தொப்பிக்காரனுக்குக் கரகர குரல்.

கொஞ்ச நேரத்திலேயே மீன் விற்கும் பூவம்மாக்கா கொட்டாவி விட்டாள். "இந்த ஊர்ல யாருக்கும் வேல வெட்டி இல்லியா? நட்ந்துகினே கீறாங்க?"

விசைப்படகு ஓட்டும் லோகநாதன் மாமா இருட்டில் செருப்பைத் தேட ஆரம்பித்தார். தீனா என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

நல்லவேளை, அந்தக் காட்சி வந்தது. மில்லுக்காரி சொன்ன சொல் தாங்காமல் தொப்பிக்காரன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். அவள் மேட்டில் ஏறி ஓடிக் கத்துகிறாள். நானும் உயிரைக் கொடுத்துக் கத்தினேன்: "யோவ், நில்லு! போவாத!"

"அடிப்பாவி!" அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "போறவன பின்னாலேந்து கூப்புடறியே, வெளங்குமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலுக்குக் கிளம்புகிறவரை எங்கள் தெருவில் யாரும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம்; கூப்பிட்டால் போனவர் திரும்ப மாட்டார் என்பார்கள். சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் போனால்கூட ஓடிப்போய் முன்னால் நின்றுதான் கொடுப்போம்.

"எம்மா, நான் கூப்புடல, அந்தப் பொண்ணு கூப்புடுது!"

"எவ கூப்ட்டா இன்னா? அவன் கத முடிஞ்சிது."

லோகநாதன் மாமா கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். தொப்பிக்காரன் செத்துவிட்டான் என்று மொத்தக் கொட்டகையும் முடிவு கட்டிவிட்டது. மில்லுக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், பூவம்மாக்கா மூக்கை உறிஞ்சினாள். "பாவம், இதுக்கு இன்னும் சேதியே வர்ல!" மில்லுக்காரி சிரித்தால் அதைவிட மோசம், இன்னும் ரெண்டு பேர் அழுதார்கள்.

இந்த லட்சணத்தில் தொப்பிக்காரன் தாடியோடு திரும்பி வந்து மில் கேட்டுக்கு வெளியே நின்றான்.

"யார்ரா இவன்?" என்றார் லோகநாதன் மாமா.

"அவன்தான் மாமா!"

"கம்முனு கெட. அவன்தான் பூட்டானே! இவன் தம்பிக்காரன். மில்ல ஆட்டய போட வந்துகிறான்."

"ஏ பொண்ணு, கேட்டத் தொறக்காத!" என்று பூவம்மாக்கா அலறினாள். பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். "தொறக்காத! தொறக்காத!"

"நாய அவுத்து வுடு!" இது தீனா. படத்தில் நாயே கிடையாது.

நான் உருகி உருகி அழுத காட்சி அது. இப்போது சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரையில் அவன் தொப்பியைக் கழற்றினான். முகம் வேட்டி முழுக்க நிறைந்தது. கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது.

"அந்தக் கண்ணப் பாருங்க," என்றாள் அம்மா மெதுவாக. "அவனேதான்."

கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். ஒரு வார்த்தை இல்லை. திரை இருண்டது.

ஒருவரும் எழவில்லை! நான் குதிக்கப் போனேன். அதற்குள் தீனா பாய்ந்து வந்தான்.

"இன்னா, அவ்ளோதானா? உள்ள கூப்ட்டாளா இல்லியா?"

"பேச மாட்டாங்கடா. அதான் அழகே."

"இன்னா அழகு?" அம்மா இடுப்பில் கை வைத்தாள். "உசுரோட வந்தவன வாசல்ல நிக்க வெச்சிகினு! நீதான அவளுக்குக் கொரலு? கூப்புடு."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எத்தனை நாள் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்த மௌனம் அது! போனால் போகட்டும் என்று மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"உள்ள வாய்யா. சோறு ஆறிகினு கீது."

விசில் பறந்தது. லோகநாதன் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

"கொயம்பு இன்னான்னு சொல்லுடி!" என்று கத்தினாள் பூவம்மாக்கா.