தாய்மாமன் மடி

“தாய்மாமன் யாருப்பா? சீக்கிரம் வந்து உக்காரச் சொல்லுங்க. பின்னால வரிசை நிக்குது” என்றார் நாவிதர், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே.

மாயாண்டி திரும்பி உடையப்பனைப் பார்த்தான். மாயாண்டியின் பெண்சாதி நல்லம்மாளும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத்தான் பார்த்தாள். உடையப்பனின் பெண்சாதி இருளாயி மட்டும் எங்கேயோ காவடி போகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“போய் உக்காருங்க மச்சான். நல்லம்மா உங்கள அண்ணேன்னுதான கூப்புடுறா. மாமன் மடி நீங்கதான்” என்றான் மாயாண்டி.

அன்றைக்குத் தைப்பூசம். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் கால் வைக்க இடமில்லை. மலையடியில் கீற்றுப் பந்தல் போட்டு நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பந்தலெல்லாம் ஈரமுடியும் சந்தனமும் வாடை வீசியது. உடையப்பன் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நல்லம்மாள் பிள்ளையை அவன் மடியில் இறக்கினாள். பிள்ளை அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு “மாமா” என்றது. அப்படித்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பெற்ற தகப்பன் உடையப்பன்தான். ஆனால் பிறந்து இரண்டு வருசமாகியும் பிள்ளையை அவன் மடியில் வைத்ததில்லை.

இருளாயி பெற்ற முதல் இரண்டும் தங்கவில்லை. மூத்தது பெண். உடையப்பன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழா முழுக்கச் சுற்றினான். மறுவாரம் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கரைத்து ஊற்றினார்கள், நிற்கவில்லை. அடுத்தது பையன். ஒருநாள் காலையில் பெரட்டுக் களத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஆள்களை எண்ணிக்கொண்டிருந்த கங்காணி, “அடேயப்பா, அப்பன உரிச்சு வச்சிருக்கான்யா” என்று சிரித்துச் சொன்னார். உடையப்பனும் பூரித்துப்போய் நின்றான். அந்த மாசமே அதுவும் போய்விட்டது. இரண்டையும் ரப்பர் மரத்துக்கு அடியில்தான் புதைத்தான். பால் வெட்டப் போகிற வழி அது. தினமும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தன் பிள்ளை என்று எமனுக்குக் காட்டிக் கொடுத்தது தான்தான் என்று அவனுக்குப் பட்டது. பட்டது என்ன, கல்லில் வெட்டின மாதிரி மனசில் விழுந்துவிட்டது.

இருபத்தாறாம் வருசத்துப் பெருவெள்ளத்தில் பேராக் ஆறே ஊருக்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் இது பிறந்தது. தோட்டத்து லயத்தில் குடியிருந்த பெண்கள் எல்லாரும் சொன்னார்கள், தவிட்டுக்கு வித்துப்புடுங்க என்று. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை முறத்தில் போட்டு வேறொருத்திக்குத் தவிட்டு விலைக்கு விற்றுவிடுவது ஊர் வழக்கம்தான். அதன்பிறகு அது அவள் பிள்ளை. எமன் வந்தாலும் வீடு தெரியாமல் திரும்பிப் போவான். ஊரில் இதைப் பேருக்குச் செய்வார்கள். விற்ற பிள்ளை பெற்றவள் மடியில்தான் வளரும். உடையப்பன் அப்படி விடவில்லை. இரண்டு பிள்ளையைக் கொடுத்தவன் பேருக்கு எதையும் செய்யத் தயாராக இல்லை. பன்றி வளர்க்கிற சீனனிடமிருந்து மாயாண்டி தவிடு வாங்கி வந்தான். உடையப்பன் தன் கையால் பிள்ளையைத் தூக்கி நல்லம்மாளின் முந்தானையில் போட்டான். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அன்றிலிருந்து பிள்ளை படுத்ததும் எழுந்ததும் பக்கத்து வீட்டில்தான். இருளாயி போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள். தவிடன் என்று பெயர் வைத்தார்கள். அவன் நல்லம்மாளை ஆத்தா என்றான். இருளாயிக்கு அவன் வைத்த பெயர் ‘பாலு’. வாசலில் அவள் தலை தெரிந்தால் போதும், “பாலு வந்துச்சு, பாலு வந்துச்சு” என்று குதிப்பான். லயமே சிரிக்கும். இருளாயியும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்து பால் கொடுப்பாள்.

லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மேலே இருக்கிற சந்து வழியாகப் பிள்ளையின் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உடையப்பன் பிள்ளை வளர்த்தான். இது பசி அழுகை, இது எறும்பு கடித்த அழுகை, இது வெறும் ராங்கி என்று அவனுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் இவன் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பான். பிள்ளை நடக்கப் பழகின புதிதில் ஒருநாள், தோளில் காண்டாக்கம்பு வைத்து இரண்டு பக்கமும் பால்வாளிகளைத் தூக்கிக்கொண்டு இவன் வரும்போது, லயத்து வாசலிலிருந்து அது தத்தித் தத்தி நேரே இவனைப் பார்த்து வந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தது. உடையப்பன் வாளியை இறக்கவில்லை. “அங்க போ. ஒங்காத்தாகிட்டப் போ” என்று ஒதுங்கி நடந்தான். பிள்ளை திகைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

லீவு நாளில் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் வெளியே போவார்கள். ஈயம் தோண்டுகிற கப்பலைக் காட்டப் போனபோது பிள்ளை மாயாண்டி தோளில் இருந்தது. உடையப்பன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தான். கப்பல் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்துபோய் மாயாண்டியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. “அய்யோ விடுடா, இருக்கிறதே நாலு முடி” என்று மாயாண்டி கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். உடையப்பனும் சிரித்தான். அந்த நாலு முடி தன் தலையில் இருக்கக்கூடாதா என்று இருந்தது. இன்னொரு தடவை ஈப்போ பாசாரில் மிட்டாய் விற்கிற சீனன், இது யார் பிள்ளை என்று மலாயில் கேட்டான். உடையப்பனின் விரலைத்தான் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தது. அவன் விரலை உருவிக்கொண்டு மாயாண்டியைக் காட்டினான்.

இரண்டு வயசு முடியட்டும், தைப்பூசத்தன்று மொட்டை போட்டுச் சாமி முன்னால் அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று பிள்ளையை விற்ற அன்றைக்கே வேண்டிக்கொண்டிருந்தான். அந்த நாள்தான் இது. இதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. மாயாண்டிக்கும் கங்காணிக்கும் ஆகாமல் போய், கமுந்திங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை சொல்லி வைத்துவிட்டான். தட்டுமுட்டுச் சாமானை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டுதான் கோயிலுக்கு வந்திருந்தார்கள். சாயங்கால ரயிலில் புருசனும் பெண்சாதியும் போகிறார்கள்.

“மாமா, புள்ளயக் கெட்டியாப் புடிச்சுக்கய்யா. கத்தி பட்டுடப் போவுது” என்றார் நாவிதர். பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்தார். அது வீறிட்டது. உடையப்பன் அதன் நெற்றியையும் தாடையையும் பிடித்துக்கொண்டான். இவ்வளவு மெத்தென்று இருக்குமா? முடி கொத்துக் கொத்தாக அவன் தொடைமேல் விழுந்தது. முன்னந்தலை முடிந்து, பக்கத்துக்கு வந்தபோது நாவிதர் கத்தியை நிறுத்தி, பிள்ளையைப் பார்த்து, உடையப்பனைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, காதப் பாரேன். அப்படியே மாமன உரிச்சு வச்சிருக்கானே.”

உடையப்பன் பிள்ளையின் நெற்றியை இறுக்கிப் பிடித்தான். அப்போதுதான் அவன் உள்ளங்கைக்கு அது தெரிந்தது. பிள்ளையின் நெற்றி சுட்டது.

மொட்டையில் சந்தனம் பூசி, நல்லம்மாள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நால்வரும் சந்நிதிக்கு வந்தார்கள். தவிட்டு மூட்டை இருளாயி தலையில் இருந்தது. காலையிலிருந்து அதை யார் கையிலும் அவள் கொடுக்கவில்லை. இப்போது இறக்கி, முடிச்சை அவிழ்த்து, உடையப்பன் முன்னால் நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“இந்தா. குடுத்து வாங்கு.”

“புள்ளைக்கு மேலு சுடுது” என்றான்.

இருளாயி எட்டிக் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். “வெயிலு சூடுய்யா. அழுதிருக்கு, ஒடம்பு கொதிக்காதா? நீ வாங்கு.”

“காய்ச்ச மாதிரி இருக்கு.”

“மதினி சொல்றது சரிதாண்ணே” என்றாள் நல்லம்மாள். “விடியால நல்லா வெளாண்டான். கஞ்சி குடிச்சான். வெயிலுதான்.” காலையிலிருந்து அழுது முடித்த முகம் அது. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள், பொய் சொல்லி வைத்துக்கொள்ள நினைத்திருந்தால் இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவள் அப்படிச் செய்யவில்லை. இருந்தும் உடையப்பன் நம்பவில்லை. ரப்பர் மரத்தடியில் கிடக்கிற இரண்டையும் இதே கையால்தான் தொட்டுப் பார்த்தான். அந்தச் சூடு அவனுக்குத் தெரியும். இன்றைக்கு வாங்கினால் இன்றைக்கே அவன் வாசலுக்கு எமன் வருவான். நாவிதர் வாய் வேறு சொல்லிவிட்டது, ஊர் கேட்க, சாமி கேட்க.

“இன்னிக்கு வேண்டாம்” என்றான்.

“என்னா வேண்டாம்?”

“இன்னிக்கு வாங்க வேண்டாம் புள்ள.”

“நாளைக்கு அவங்க எங்க இருப்பாங்க?” இருளாயியின் குரல் உயர்ந்தது. “கமுந்திங்குக்கு யாரு போயிக் கூட்டியாருவா? தொர லீவு குடுப்பானா? மூணாவதையும் குழியில போடத்தான் பயப்படுற, தெரியுது. நான் பயப்படல? ரெண்டு வருசமா எம்புள்ளைக்கு அடுத்த வீட்டுப் படியேறிப் பால் குடுத்தேன்யா. அது என்னயப் பாலுங்குது. ஒரு தடவ, ஒரு தடவ அம்மான்னு கூப்புடட்டும்னு...”

அவள் முடிக்கவில்லை. மூட்டையை எடுத்து நேரே நல்லம்மாளிடம் நீட்டினாள். “மதினி, நீ வாங்கிக்க. புள்ளயக் குடு.”

நல்லம்மாள் கையை நீட்டவில்லை. பிள்ளையின் மொட்டைத் தலையை முந்தானையால் மூடினாள்.

“அண்ணன் கையால வித்தாரு மதினி. வித்தவரு கையாலதான் வாங்கணும். இல்லாட்டிச் செல்லாது. பெறகு இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க முடியுமா?”

மூன்று பேரும் உடையப்பனைப் பார்த்தார்கள். பின்னால் இருந்த கூட்டம் நெட்டித் தள்ளியது. அவன் கையைத் தூக்கப் பார்த்தான். தூக்க முடியவில்லை. யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. முருகா, இவன் உயிரோடு இருக்கட்டும், எங்கேயாவது இருக்கட்டும், மாயாண்டி மகனாகவே இருக்கட்டும் என்று மனசு ஓடியது. அதே மனசு, வாங்குடா, வாங்குடா என்றும் கதறியது.

“மச்சான், ரயிலுக்கு நேரமாவுது” என்றான் மாயாண்டி. அவன் குரலில் கோபமில்லை. “நாங்க வச்சுக்கிறோம். நீங்க எப்ப வந்தாலும் ஒங்க புள்ளதான். என்னா சொல்றீங்க?”

உடையப்பன் தலையாட்டினான். சரி என்றா, வேண்டாம் என்றா, அவனுக்கே தெரியவில்லை.

மாயாண்டி சாமான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். நல்லம்மாள் பிள்ளையோடு பின்னால் போனாள். இருளாயி தவிட்டை அப்படியே தரையில் விட்டாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“இன்னும் பால்குடி மறக்கல அது” என்றாள். “நான் போறேன். நீ இங்கயே நின்னுக்க.”

“நீ எங்க போவ? கங்காணி...”

“கங்காணிகிட்டச் சொல்லு, எம்பொண்டாட்டிய வித்துட்டேன்னு.”

அவளும் கூட்டத்தில் போய்விட்டாள்.

உடையப்பன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, ஓடினான். காவடிகள் எதிரே வந்தன. உறுமியும் மேளமும் காதை அடைத்தன. யாரையோ தள்ளினான். யாரோ வைதார்கள். ஸ்டேசன் பக்கம் போகிற தெருவில் ஜனம் அடைத்துக்கொண்டு நகர்ந்தது. “மச்சான்! ஏ மாயாண்டி மச்சான்!” என்று கத்தினான். மேளத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

முன்னால் பார்த்தான். எல்லாத் தோளிலும் ஒரு மொட்டைத் தலை. எல்லாத் தலையிலும் சந்தனம். வெயிலில் மஞ்சள் மஞ்சளாக அசைந்துகொண்டு, நூறோ இருநூறோ, தெரு முனை வரைக்கும் போயின. தவிடா என்று கூப்பிட்டால் அவன் திரும்புவான். கூப்பிட வாயைத் திறந்தான். மகனே என்று வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டான். ஒரு தலையை எட்டிப் பிடித்துப் பார்த்தான். அது யாரோ பெண்பிள்ளை, அதைத் தூக்கியிருந்தவர் “யாரப்பா தேடுற?” என்றார். அடுத்ததுக்குப் போனான்.

கொஞ்ச தூரத்தில், ஒரு பொம்பளையின் தோளில் ஒரு மொட்டைத் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. சேலை நிறம் நல்லம்மாளுடையது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. பின்மண்டையில் சந்தனம் காய்ந்து வெடித்து, இடையில் வெளுத்த தோல் தெரிந்தது. சுடுகிறதா, இல்லையா. அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று இருந்தது. உடையப்பன் ஆள்களை விலக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தான். கிட்டத்தில் வந்துவிட்டான். கையைத் துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, அந்தத் தலையைப் பார்த்து நீட்டினான்.