முன்வாசலில் ஒரு பாய்

ஓணத்துக்கு வெள்ளையடிக்க மாளுக்குட்டியின் அம்மா எல்லா அறைகளையும் காலி செய்தாள். சாமான்கள் பின்கட்டுக்குப் போயின. மகளின் கணவர் சங்குண்ணியின் பாயும் வெற்றிலைப்பெட்டியும் மட்டும் முன்வாசலில் கிடந்தன. யாரும் கவனிக்கவில்லை.

சங்குண்ணி வழக்கம்போலத் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்தியில் வந்தார். இரண்டையும் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அங்கே கணவன் இரவில் மட்டும் மனைவி வீட்டுக்கு வந்து போவான்; அந்த உறவுக்குப் பெயர் சம்பந்தம். பெண் வீட்டில் அவன் பாயையும் பெட்டியையும் வெளியே வைத்தால் அது முடிந்தது என்று பொருள். ஏனென்று ஆண் கேட்பதில்லை.

ஐந்து நாள் அவர் வரவில்லை. நிலம் அளப்பது அவர் வேலை; அன்றன்று அளந்த நிலங்களைப் பற்றி இரவு வந்ததும் சொல்வார். அந்தப் பேச்சு இல்லாமல் மாளுவுக்குத் தூக்கம் வரவில்லை. ஆறாம் நாள் காலையில் துணி எடுக்க வந்த வண்ணாத்திதான், அவர் பாயைப் பார்த்துத் திரும்பிப்போன விஷயத்தைச் சொன்னாள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றாள் மாளு.

மாமா கோமன் நாயர் பாக்கு வெட்டுவதை நிறுத்தினார். "நம்ம வீட்டுப் பொண்ணு எவளும் சம்பந்தக்காரன் வீட்டுப் படி ஏறினதில்ல."

"இவன் இல்லாட்டி இன்னொருத்தன்" என்றாள் அம்மா. "மங்கலத்து வீட்லேர்ந்து கேட்டு விட்டுருக்காங்க."

"எனக்கு இன்னொருத்தர் வேண்டாம்மா."

வரப்பில் நடந்து போனாள். சங்குண்ணியின் அக்கா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டிய வெளிய வெச்சவ, ஆளத் தேடி வந்திருக்கியா?"

"வெள்ளையடிக்க வெச்சது, சேச்சி. வேணும்னு வைக்கல."

அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய், சுண்ணாம்பாம். இதுக்கா அஞ்சு நாளா சோத்தப் பெசஞ்சிட்டு உக்காந்திருந்த?"

சங்குண்ணி வெளியே வந்தார். மாளுவைப் பார்க்காமல் நெல்லைப் பார்த்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாள் அவள்.

"கேக்கற வழக்கமில்லயே."

"வர்ற வழக்கமும் எனக்கில்ல. வந்துட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சாயங்காலம் வர்றேன்" என்றார்.

"இப்பவே வாங்க."

"பகல்லயா? உன் மாமா இருப்பாரே."

"இருக்கட்டும்."

அக்கா அவர் கையில் ஓலைக்குடையைத் திணித்தாள். "போடா."

வயலில் களை பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சங்குண்ணி குடையைத் தாழ்த்திப் பிடித்தார். மாளு நிமிர்ந்தே நடந்தாள்.

மாமா வாசலிலேயே இருந்தார். இருவரையும் பார்த்தார். எழவில்லை, திட்டவும் இல்லை. பாக்குவெட்டியை மடக்கி வைத்தார்.

"சாப்டாச்சா?" என்று கேட்டார்.

சங்குண்ணி இரண்டு வருஷமாக வருகிறார். அந்த வீட்டில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"இல்ல" என்றார்.