மெழுகுதிரி எரிந்தால் மனிதன் இறங்கலாமா?

பெருமழையின்போது மலைச்சரிவிலிருந்து இறங்கிய சேற்றுநீர் தர்மேந்திரனின் வளவுக்குள் புகுந்து கிணற்றையும் நிரப்பியிருந்தது. அதன் பிறகு அந்த நீரில் பாத்திரம்கூடக் கழுவ முடியவில்லை. மாத்தளை நகரின் ஓரத்திலிருந்த அந்த வீட்டுக்கு, கிணறு துப்புரவு செய்யும் ஜிப்ரியும் அவருடைய தம்பி றிஸ்கானும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். காலையிலிருந்து கிணற்றுக்கட்டின் அருகே நின்று ஒழுங்காக இறைத்த மண்ணெண்ணெய் பம்ப், நீர்மட்டம் பாதிக்கு மேல் இறங்கியதும் வெறுமனே உறுமத் தொடங்கியது. குழாயிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை.

"தர்மா அண்ணே, ஒரு கேள்வி," என்றான் றிஸ்கான். "பம்ப் ஓடுது. பைப்புல ஓட்டை இல்ல. அடியில தண்ணி ஈக்கிது. அப்ப ஏன் மேல வர மாட்டேங்குது?"

"தொடங்கிட்டான்," என்றார் ஜிப்ரி. "உன்னய கூட்டிட்டு வந்தது சேறு அள்ளவா, கேள்வி கேக்கவா?"

தர்மேந்திரனுக்கோ அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. நகரில் அவர் நடத்திவந்த பாமசிக்கு மருந்துக்காக மட்டுமன்றிக் கேள்விகளோடும் ஆட்கள் வருவார்கள். வெங்காயம் நறுக்கினால் கண் ஏன் எரிகிறது, கையில் ஒட்டிய பலாப்பால் தண்ணீரில் போகாமல் எண்ணெயில் ஏன் போகிறது, இரத்தோட்டையைத் தாண்டி பஸ் மலையேறும்போது காது ஏன் அடைக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். மாத்திரைகளை எண்ணிக் கடதாசிப் பையில் இட்டபடியே அவர் பதில் சொல்வார். அந்தப் பதில்கள் பெரும்பாலும் சரியானவை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

"பம்ப் தண்ணிய இழுக்கிறதே இல்ல றிஸ்கான்," என்றார். "அது பைப்புக்குள்ள இருக்குற காத்த மட்டுந்தான் எடுக்குது. வெளிக்காத்துதான் கிணத்துத் தண்ணிய அமுக்கி மேல தள்ளுது. அந்தக் காத்துக்கு ஒரு அளவுதான் பலம். முப்பது அடி தள்ளினாலே பெரிய விசயம். இதவிடப் பெரிய பம்ப் கொண்டாந்தாலும் மேல வச்சு இறைக்க ஏலாது."

"அப்ப காத்துக்கும் மூச்சு வாங்குதுன்னு செல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பதில் சரியானது, அதிலிருந்து பிறந்த முடிவும் இயல்பானது. பம்பைக் கீழே இறக்க வேண்டும். கிணற்றின் உட்சுவரில், அடிப்பகுதிக்குச் சற்று மேலே, ஒரு பாறைத் திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. பம்பைக் கயிற்றில் கட்டி அதன் மேல் இறக்கினார்கள். றிஸ்கான் கயிற்றேணியில் இறங்கி அதை இயக்கிவிட்டு உடனே மேலே வந்தான். குழாயில் மீண்டும் சேற்றுநீர் பாய்ந்தது. கிணற்று வாயிலிருந்து நீலநிறப் புகை மெல்ல எழுந்தது.

தர்மேந்திரனின் மனைவி சுதர்ஷினி பிளேன்டீ கொண்டுவந்தவள், தட்டுடன் அப்படியே நின்றாள்.

"என்னங்க, அந்தப் புகைக்குள்ளயா இறங்கப் போறாங்க?"

"பம்ப் நிக்கட்டும். புகை போனப்புறம்தான் இறங்குவாங்க. நாங்க என்ன பைத்தியமா?"

எண்ணெய் தீர்ந்து பம்ப் நின்றது. கிணற்றில் சேறு மட்டுமே எஞ்சியிருந்தது. சிறிது நேரம் பொறுத்தார்கள். புகை முற்றாக மறைந்து, கிணற்றின் அடி தெளிவாகத் தெரிந்தது. வழக்கப்படி ஜிப்ரி ஒரு தகரப் பேணிக்குள் மெழுகுதிரியை ஏற்றிவைத்து, கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினார். கிணற்று வாயுவைச் சோதிக்க அவருடைய வாப்பாவும் அப்படித்தான் செய்வார்.

"அண்ணே, இன்னொரு கேள்வி," என்றான் றிஸ்கான். "மெழுகுதிரி எரிஞ்சா மனுசன் இறங்கலாமா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நெருப்புக்கும் ஒக்சிஜன் வேணும், மனுசனுக்கும் ஒக்சிஜன் வேணும். அது அணைஞ்சா நீங்க இறங்கக் கூடாது. அது எரிஞ்சா உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதும் உண்மை. மூன்றாவது வாக்கியம் அவை இரண்டிலிருந்தும் பிறந்ததைப் போலவே ஒலித்தது. ஆகவே, அது பொய் என்று அங்கு நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெழுகுதிரி அடிவரை போய்ச் சேற்றின் மேல் அமர்ந்தது. சுடர் நடுங்கவுமில்லை. ஜிப்ரி "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ஏணியில் கால் வைத்தார்.

முதல் வாளிச் சேறு மேலே வந்தது. இரண்டாவதும் வந்தது. அதன் பிறகு கயிறு அசையவில்லை.

"நானா, கட்டியாச்சா?" என்று றிஸ்கான் தமையனைக் கேட்டான். கயிற்றை ஆட்டிப் பார்த்தான். "நானா!"

அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜிப்ரி சுவரில் சாய்ந்து சேற்றுக்குள் அமர்ந்திருந்தார். தலை நெஞ்சின் மேல் தொங்கியது. அவருடைய முழங்காலுக்கு அருகே மெழுகுதிரி நேராக எரிந்துகொண்டிருந்தது.

யாரும் தடுப்பதற்கு முன்னரே றிஸ்கான் ஈரத்துவாயை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். தமையனின் அக்குளுக்குள் கயிற்றைச் செலுத்தி முடிச்சிட்டான். தர்மேந்திரனும் சுதர்ஷினியும், சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு ஓட்டோக்காரர் முத்தலிப்பும் சேர்ந்து இழுத்தார்கள். சேற்றில் ஊறிய ஓர் ஆளின் பாரம் எவ்வளவு என்பதைச் சுதர்ஷினி அன்றுதான் அறிந்தாள். பின்னால் ஏறிவந்த றிஸ்கான், கட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான்.

தர்மேந்திரன் வீட்டுக்குள் ஓடி, கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒட்சிசன் மானியைக் கொண்டுவந்து ஜிப்ரியின் விரலைச் சேறு போகத் துடைத்து மாட்டினார். சிவப்பு எண்கள் தோன்றின.

"தொண்ணூத்தெட்டு!" அவருடைய முகம் தெளிந்தது. "நம்ம எல்லாருக்கும் இவ்வளவுதான் இருக்கும். வாயு கீயு ஒண்ணும் இல்ல. மெழுகுதிரி எரியுது, ஒக்சிஜனும் சரி. வெறும் வயித்துல வேல செஞ்சிருக்காரு, பிரஷர் இறங்கிடுச்சு. ஒரு சோடா குடுத்தா எழும்பிடுவாரு."

அவர் சொன்னதைப் போலவே ஜிப்ரி கண் திறந்தார். சுதர்ஷினியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"உம்மா," என்றார். "சுபஹுக்குப் பாங்கு செல்லியாச்சா?"

உச்சி வெயில் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. விடியற்காலைத் தொழுகையின் அழைப்பைப் பற்றி அவர் கேட்டார். அவருடைய தாய் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. சோடாப் போத்தலைத் திறக்கப்போன முத்தலிப்பின் கை அந்தரத்தில் நின்றது. ஜிப்ரி ஒருபுறம் சரிந்து வாந்தி எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்றாள் சுதர்ஷினி.

"சுதா, தொண்ணூத்தெட்டு காட்டுது..."

"அது என்ன வேணும்னாலும் காட்டட்டும். என்னப் பார்த்து உம்மாங்கிறாரு. தூக்குங்க!"

ஓட்டோவின் பின்னாசனத்தில் ஜிப்ரியைக் கிடத்தி, அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு தர்மேந்திரன் அமர்ந்தார். இன்னொருவருக்கு இடமில்லை. புறப்படும் முன், றிஸ்கானின் விரலிலும் மானியை மாட்டிப் பார்த்தார். அவனுக்கும் தொண்ணூற்றெட்டு.

"நானாவும் நானும் ஒரே மார்க்ஸ்," என்றான் றிஸ்கான். சிரிக்க முயன்று நெற்றியை அழுத்திக்கொண்டான். "தலைதான் இடிக்குது. நீங்க போங்க. நான் மதினிக்கு கோல் எடுத்துச் செல்றேன். அவ ஊடு ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தான்."

ஓட்டோ போய்விட்டது. றிஸ்கான் தமையனின் மனைவி பஸ்லாவைக் கைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னான். சுதர்ஷினி அவனை விறாந்தையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். அவன் பாதியைக் குடித்துவிட்டு எழுந்தான். பம்ப் அவர்களுடையதன்று, மழை எட்டிப்பார்க்காத வில்கமுவையிலுள்ள ஒரு விவசாயியுடையது. அன்றைய கடைசி பஸ்ஸில் அதை ஏற்றிவிட வேண்டும். தவறினால் அந்த மனிதரின் வயல் காய்ந்துகொண்டிருக்கும்.

"பஸ் போனாப் போகட்டும் தம்பி. கொஞ்சம் படு."

"பம்ப் திட்டுலதான் ஈக்கிது அக்கா. அடிக்குக்கூடப் போகத் தேவையில்ல. கயிறக் கட்டிட்டு வந்துருவேன். நீங்க மேல நின்னு கயிறப் புடிச்சாப் போதும்." அவன் கிணற்றுக்குள் பார்த்தான். "பாருங்களேன், லாம்பு இன்னும் எரியுது."

அவன் ஏணியில் இறங்கத் தொடங்கினான். அவனுடைய தோள்கள் கட்டுக்குக் கீழே மறைந்த வேளையில் சுதர்ஷினியின் கைபேசி அடித்தது.

"சுதா!" தர்மேந்திரனின் குரல் அவருடையதாகவே ஒலிக்கவில்லை. "றிஸ்கான் எங்க? அவனையும் உடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு டொக்டர். கிணத்துக்குள்ள போன எல்லாரையும்."

"அவன் கிணத்துலதான் இறங்கிட்டு இருக்கான். பம்ப எடுக்க."



"நிப்பாட்டு. நிப்பாட்டு சுதா! அது பம்புப் புகையோட விசம். நிறமும் இல்ல, மணமும் இல்ல. இன்னும் உள்ளதான் நிக்குது."

"மெழுகுதிரி நல்லா எரியுதுங்களே?"

"எரியும்! மனுசன் செத்தாலும் அது எரியும்! நெருப்புக்குத் தேவையானது அங்க இருக்கு. ஆனா அந்த விசம் ரத்தத்துல ஒட்டிக்கிட்டா, நம்ம உடம்புக்கு ஒக்சிஜன் போகாது. அந்த மெசின் ரத்தத்தோட சிவப்ப மட்டுந்தான் பார்க்குதாம். விசம் ஏறினாலும் ரத்தம் சிவப்பாத்தான் இருக்குமாம். ஜிப்ரி நானாவுக்கு ஒக்சிஜன் மாஸ்க் போட்டிருக்காங்க. காப்பாத்திடலாம்னு சொல்றாங்க, ஆனா இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா... சுதா, நான் சொன்னது எல்லாமே பிழை. அவன மேல எடு!"

சுதர்ஷினி கிணற்றுக்கட்டில் குனிந்தாள். "தம்பி! மேல வா! தர்மா அண்ணன் சொல்றாரு, கீழ விசவாயு இருக்காம்!"

கையெட்டும் தூரத்துக்கு அப்பால், ஏணியைப் பிடித்தபடி றிஸ்கான் நிமிர்ந்து பார்த்தான். அவன் அஞ்சியதாகத் தெரியவில்லை. அவனுடைய முகத்தில் இருந்தது ஆர்வம்.

"வாயுவா? அப்ப லாம்பு ஏன் எரியுது?"

"அது எரியுமாம். நீ மேல வா."

"அதெப்படி அக்கா? அண்ணன்தானே செல்லிச்சு, நெருப்புக்கும் ஒக்சிஜன், மனுசனுக்கும் ஒக்சிஜன்னு. ஒண்ணுக்குப் பத்துமாம், மத்ததுக்குப் பத்தாதாமா?" அவன் தலையைத் திருப்பிச் சுடரைப் பார்த்தான். "எனக்கும் தொண்ணூத்தெட்டு காட்டிச்சே. இதுக்கு ஒரு பதிலச் செல்லுங்க, வாறேன்."

கைபேசியில் கேட்டது அவளுக்கு முழுவதும் விளங்கியிருக்கவில்லை. விளங்கியிருந்தாலும் அதைச் சொல்லி முடிக்க அவகாசம் இல்லை. அவனுடைய சொற்கள் குழறத் தொடங்கியிருந்தன. ஏணியைப் பற்றியிருந்த ஒரு கை நழுவி மீண்டும் பிடித்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. தன் கேள்வியை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தான். அவள் கட்டின் மேல் வயிறு அழுந்தக் குனிந்து கையை நீட்டினாள். விரல்கள் அவனுடைய தலைமயிரைக்கூடத் தொடவில்லை.

அப்போது சுதர்ஷினி ஒரு பொய் சொன்னாள். அதை வேறொரு பெயரால் அழைக்க வேண்டியதில்லை.

"நானா மௌத்தாயிட்டாருடா!" என்று கத்தினாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவித்தல்களில் மட்டுமே அவள் கேட்டிருந்த சொல் அது. "ஆஸ்பத்திரியில இருந்து கோல் வந்திருக்கு! நானா மௌத்து!"

றிஸ்கானின் முகத்திலிருந்து கேள்வி போய்விட்டது. அவன் ஏறினான். காலைத் தவறவிட்டு, மீண்டும் பற்றி, முழங்கையைச் சுவரில் உரசிக்கொண்டு ஏறினான். கழுத்துப்பட்டி கைக்கு எட்டியதும் அவள் இரண்டு கைகளாலும் பிடித்துப் பின்னோக்கி விழுந்தாள். அவனும் கட்டைத் தாண்டிச் சேற்றில் அவளருகே விழுந்தான்.

"எப்ப அக்கா? எப்ப? இப்பதானே... இப்பதானே கதச்சாரு..."

இணைப்பு அறாமல் கீழே விழுந்திருந்த கைபேசியிலிருந்து ஓர் அலறல் எழுந்தது. ஆஸ்பத்திரி நடையில் பஸ்லா தர்மேந்திரனுக்கு அருகிலேயே நின்றிருந்தாள். கதவுக்கு அப்பால் இருந்த கணவரை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. பார்க்கும் முன்னரே அவருடைய மரணத்தைக் கேட்டுவிட்டாள்.

சுதர்ஷினி ஒரு கையால் கைபேசியை எடுத்தாள். மற்றக் கை றிஸ்கானின் சட்டையிலேயே இருந்தது.

"பஸ்லா! பொய்! நான் பொய் சொன்னேன்! நானா உசுரோடதான் இருக்காரு. என்னங்க, அவள உள்ள கூட்டிட்டுப் போங்க. முகத்தக் காட்டுங்க. ஓடுங்க!"

அலறல் தூரமாகிப் போனது. பிறகு கதவு அடிபடும் ஓசை கேட்டது. அதன் பிறகு ஒரு பெண்ணின் அழுகை. இது வேறு வகை அழுகை.

றிஸ்கான் சுதர்ஷினியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய்யா?"

"பொய்."

"மௌத்துன்னு பொய் செல்ல எப்பிடி வாய் வந்திச்சு?" சேற்றில் கையை ஊன்றினான். "எங்க நானாவ? எங்க நானாவயா செல்றீங்க?"

அவளுடைய கையைத் தட்டிவிட்டு எழ முயன்றான். முழங்கால்கள் மடிந்தன. மீண்டும் முயன்றான், மீண்டும் அமர்ந்தான். தன்னுடைய கால்களை, வேறு யாருடையவையோ போல, வியப்போடு பார்த்தான். பிறகு கிணற்றைப் பார்த்தான். 

"நான் அங்கேயே நின்னு கதச்சிட்டு ஈந்தா..." என்று தொடங்கினான். 

தர்மேந்திரன் திருப்பி அனுப்பியிருந்த முத்தலிப்பின் ஓட்டோ வெளியே ஹோர்ன் அடித்தபடி வந்து நின்றது. சுதர்ஷினி றிஸ்கானின் கையைத் தன் தோளில் போட்டு, சட்டையைப் பற்றி எழுப்பினாள். சேறு சொட்டச் சொட்ட இருவரும் வாசல் படலையைத் தாண்டினார்கள். வேலியோரம் அயலார் கூடியிருந்தார்கள்.

"சட்டைய விடுங்க அக்கா," என்றான் றிஸ்கான் தாழ்ந்த குரலில். "எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்," என்றாள் அவள். ஓட்டோவில் ஏறி அமர்ந்த பின்னரும் அவள் கையை எடுக்கவில்லை.