ரதபோட்டோடு நின்ற பாடம்

“எங்கடை அத்தாரின்ரை வகுப்பு ஒருநாளும் நிக்காது. திங்கக்கிழமையிலையிருந்து மகள் கஜானி எடுப்பா!” என்று சுபாஸ்கரன் மாமா மைக்கில் முழங்கினார்.

அப்பாவின் பெட்டியின் தலைமாட்டில் அம்மாவைத் தாங்கிக்கொண்டிருந்த கஜானி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்தவீட்டில் மைக் பிடித்தவரைத் தடுக்க யாழ்ப்பாணத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. அதிலும் இரங்கலுரையில், பிரேதத்தின் முன்னால் சொன்ன சொல் ஊருக்குக் கொடுத்த வாக்கு. பந்தலில் இருந்த பெற்றோர் தலையாட்டினார்கள். உயர்தரப் பரீட்சை அடுத்த மாதம். அவர்கள் கவலை அவர்களுக்கு.

அவள் இரசாயனவியல் மேற்படிப்புக்கு நோர்வே போகப்போவது அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். முந்தநாள் பின்னேரம்தான் சொன்னாள்.

அப்பா வாகீசன் மாஸ்ரர் நல்லூரில் இரசாயனவியல் ரியூசன் எடுத்தவர். அணுவின் சரித்திரத்தைக் குடும்பச் சண்டை மாதிரிச் சொல்லுவார். அணுவை உடைக்க முடியாது என்றார் டால்டன். அதற்குள்ளிருந்தே இலத்திரனை எடுத்துக் காட்டினார் தொம்சன். தொம்சனிடம் படித்த ரதபோட், நடுவில் ஒரு கரு இருக்கிறது என்று வாத்தியாரின் அணுவையே கவிழ்த்துவிட்டார்.

“வாத்தியாரை மீறாத பிள்ளையாலை என்ன பிரியோசனம்? நீ போ. கொம்மாவோடை நான் கதைக்கிறன்” என்றார் அப்பா.

கதைக்கவில்லை. மறுநாள் காலை, வகுப்பில் ரதபோட்டின் அணுவைப் பலகையில் கீறிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழும்பவில்லை.

“மாமா, நான்…” என்று கஜானி வாயெடுத்தாள்.

அம்மா பராசக்தி அவள் கையை இறுக்கிப் பிடித்தார். “நீ இருக்கிறாய் எண்ட தைரியத்திலைதான் மோனை நான் உயிரோடை நிக்கிறன்.”

ஒரு நாள் பொறுத்துச் செத்திருக்கக் கூடாதா இந்த மனுசன் என்று நினைத்தாள். நினைத்ததற்காக விம்மி விம்மி அழுதாள். தகப்பனில் எவ்வளவு பாசம் என்றது சனம்.

பறை முழங்கப் பிரேதம் படலை தாண்டியது. சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் எல்லாரும் பின்னால் போக, கஜானி படலையோடு நின்றாள். வீடு கழுவத் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்கள்.

அப்பாவிடம் படித்த பெண்பிள்ளைகளும் போகாமல் நின்றார்கள். றொசாந்தி தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தாள்.

“மிஸ், சேர் ரதபோட்டோடை நிப்பாட்டிட்டார். சுத்துற இலத்திரன் சக்தி குறைஞ்சு கருவுக்கை விழவேணுமெல்லோ? ஏன் விழேல்லை எண்டு யோசியுங்கோ எண்டவர். எங்களுக்கு விளங்கேல்லை.”

கஜானிக்கு விடை தெரியும். இலத்திரனுக்கென்று விதித்த பாதைகள் உண்டு. அதில் சுற்றும்வரை அது விழாது. இடைநடுவில் நிற்க அதற்கு இடமும் இல்லை.

வீட்டை போங்கோ பிள்ளையள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முற்றத்தில் நின்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“போர் எண்டு ஒரு விஞ்ஞானி… ரதபோட்டிட்டை வேலை செய்தவர்…”

பெட்டி இருந்த பக்கம் பார்த்துக் கிடந்த பந்தல் கதிரைகளைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் தூக்கி, அவள் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.