படத்தை மூடும் பொத்தான்

என் மனைவி கம்சாயினியின் குரல் எனக்கு மறந்துவிட்டது. ஆடி மாதத்தில்தான் அதைக் கவனித்தேன். அவள் தை மாதம் இறந்தாள். டெங்கு. ஐந்து நாள்.

முகம் இருக்கிறது. தொலைபேசி நிறைய முகம். குரல்தான் இல்லை. அவள் குரல்பதிவு அனுப்பமாட்டாள், எழுதுவாள். எங்கள் கல்யாண வீடியோவில் மேளமும் பாட்டும் மட்டும் கேட்கின்றன.

வீட்டு வீடியோக்கள் நானூறுக்கு மேல். எல்லாம் அவள் எடுத்தவை. கமராவுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டே எடுப்பாள். அவற்றில் அவள் குரல் இருந்தது. நான்தான் அழித்தேன்.

குருக்கள்மடத்தில் வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். வீடியோ வெட்டி ஒட்டும் செயலி. எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், தொட்டால் என்ன நடக்கவேண்டும் என்று வரைவது என் வேலை. சென்ற வருடம் 'குரல் சுத்தம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தோம். கமரா பிடிப்பவரின் பேச்சைக் கண்டுபிடித்து நீக்கிவிடும். பரிசோதிக்க நிறைய வீடியோ தேவைப்பட்டது. எங்களுடையதைக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் ஒரு பெட்டி வரும்: 'பழைய கோப்பின் இடத்தில் சேமி.' அதன் பக்கத்தில் சரி அடையாளம் முதலிலிருந்தே விழுந்திருக்கும். இடம் மிச்சமாகட்டும் என்று நான் போட்டது.

கம்சாயினி அப்போது திரையை எட்டிப் பார்த்தாள்.

"இந்தச் சரிய எடுத்து விடுங்க. சனம் வாசிக்காது, அமத்திப்போட்டுப் போயிரும்."

"வாசிக்காம அமத்திறவன் எங்கட செயலிக்குத் தேவையில்ல."

"அப்ப முதல் வெளிய போற ஆள் நீங்கதான்."

நானும் வாசிக்காமல்தான் அழுத்தினேன்; நானூறிலும் அவள் பேச்சு போய்விட்டது. அவள் சொன்ன சொற்கள் நினைவிருக்கின்றன. சத்தம் இல்லை.

அவள் கல்யாண வீடியோ எடுப்பவள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் படங்களை ஆண்கள் பார்க்கக்கூடாது. அறையைப் பூட்டிக்கொண்டு தனியே வெட்டுவாள். முடிந்ததும் எல்லாவற்றையும் மணமகளிடம் கொடுத்துவிட்டு, தன் கணினியில் இருந்ததை அவர்கள் கண்முன்னே அழிப்பாள். அது அவள் கொடுக்கும் வாக்கு.

வெட்டாத பதிவுகள் அந்த வீடுகளில் இருக்கும். அவற்றில் அவள் பேசியிருப்பாள்.

மார்கழியில் அவள் கடைசியாக எடுத்தது காத்தான்குடி றுமானாவின் கல்யாணம். தொலைபேசியில் அழைத்தேன்.

"இரிக்கி அண்ணா, அலுமாரிக்குள்ள," என்றாள் றுமானா. "ஆனா அதுல நான் மட்டுமில்ல. மச்சிமார், மாமிமார், முக்காடு இல்லாம எத்தின பேர். கம்சாக்காவ நம்பி நிண்டவங்க. நான் எப்பிடித் தாற?"

அவள் சொன்னது சரி. வைத்துவிட்டேன்.

செயலிக்கான யோசனைகளைக் கம்சாயினி ஒரு கொப்பியில் எழுதிவைப்பாள், படமும் கீறுவாள். நான் கேட்டதில்லை. அவளாக எழுதுவாள். அன்று அதை எடுத்தேன். பதினேழாவது யோசனை: 'படத்தை மூடும் பொத்தான். படம் பூட்டியிருக்கவேண்டும். சத்தம் மட்டும் கோடாகத் தெரியவேண்டும். பெண்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சத்தம் திருத்துகிற வேலையை இவரிடம் கொடுத்துவிட்டு நான் நித்திரை கொள்வேன்.' ஓரத்தில் என் கையெழுத்து: 'யாருக்கு வேண்டும்?'

அவள் கீறியதை அப்படியே திரைக்கு வரைந்தேன். பொத்தானின் இடத்தைக்கூட மாற்றவில்லை. நிரல் எழுதும் ரதீஸிடம் அனுப்பினேன்.

"ஆருக்குடா இது?" என்றான்.

"எனக்கு."

நான்கு நாளில் தந்தான்.

பின்னேரம் மடிக்கணினியோடு காத்தான்குடிக்குப் போனேன். றுமானாவின் உம்மா முன் அறையில் இருக்கச் சொன்னார். றுமானாவிடம் கணினியைக் கொடுத்தேன். பூட்டும் எண்ணை அவளே போடவேண்டும், எனக்குச் சொல்லக்கூடாது என்றேன். உள்ளே கொண்டுபோய்ப் பதிவைத் திறந்து, பூட்டி, மூன்று தரம் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். திரையில் சாம்பல் நிறப் பட்டை. அதன் கீழே நீலக் கோடு.

"படம் வராதுதான். எங்கட சத்தம் வருமே உம்மா?"

"சத்தத்துக்கு என்ன புள்ள? என்ட சத்தம் பக்கத்தூர் ஆரையம்பதி வரைக்கும் கேக்கிறதுதானே," என்றார் உம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "உங்கட பொஞ்சாதி எங்களப் படுத்தின பாடு, மகன். கல்யாணப் பொண்ண விட அவட அதிகாரம் கூட. நில்லுங்க, திரும்புங்க, சிரியுங்க. பொலிஸ் தோத்துரும்."

சத்தக் கோட்டைத் தொட்டேன். முதலில் பெட்டி வந்தது. குரல் சுத்தம் செய்யவா? பழைய கோப்பின் இடத்தில் சேமிக்கவா? சரி அடையாளம் விழுந்திருந்தது. எடுத்துவிட்டேன். வேண்டாம் என்பதைத் தொட்டேன்.

வளையல்கள். கதிரை இழுபடும் சத்தம். ஒரு குழந்தை. பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"றுமானா, தலையக் கொஞ்சம் சரியுங்க. காணும், அப்பிடியே நில்லுங்க."

நான் தேடிக்கொண்டிருந்த குரல் இதைவிட மெல்லியது. இது தடித்திருந்தது. அன்று அவளுக்குத் தடிமன், மூக்கடைப்பு, இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனாள். தடிமனைக் கழித்துப் பார்த்தாலும், இத்தனை நாளும் வேறு யாருடைய குரலையோதான் தேடியிருக்கிறேன்.

"பின்னால நிக்கிற ஆக்கள், பேசாதீங்க. நான் பேசினாப் பறவாயில்ல, எங்கட வீட்டுக்காரர்ட மிஷின் என்ட சத்தத்த வெட்டிரும்."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். றுமானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"உம்மா, நீங்க மூச்ச இழுங்க. வயிறு தெரியுது. இன்னும். அப்பிடியே பிடிங்க."

நிறுத்தினேன். கோடு பாதியில் நின்றது. அதற்கு மேல் கேட்க முடியும் என்று தோன்றவில்லை. கணினியை மூடப் போனேன்.

எதிரே கதிரையில் உம்மா முதுகை நிமிர்த்தி இருந்தார். தோள்கள் உயர்ந்திருந்தன. மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். கண்களில் நீர் நின்றது.

"போடுங்க மகன்," என்றார், பல்லுக்கு நடுவால். "அவ இன்னும் விடச் சொல்லல்ல."

தொட்டேன்.

"ம். இப்ப விடுங்க," என்றாள் கம்சாயினி.